இறக்காத கொடி

கடலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் மீனவன் மகனை எங்கள் ஊர் லேசில் விடாது. என் தம்பி அஸ்கரையும் விடவில்லை. இருபதாவது பிறந்தநாளன்று, "படகு வேணாம்பா, நான் சினிமா எடுக்கப் போறேன்" என்றான். எங்கள் அப்பா லௌஸ்ட், பிறந்தநாள் கேக்கைத் தொடாமல் எழுந்து போனார். அன்றிரவே அவன் கிளம்பிவிட்டான். அதன்பின் பதினோரு வருஷம் இருவருக்கும் பேச்சே இல்லை. இந்த இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவே தூது போய்ப் போய் எனக்குத்தான் அலுத்துவிட்டது.

போன ஞாயிறு மதியம் அவனுடைய படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது, அவனும் வந்தான். டிக்கெட் கிழித்தது நான். அப்பாவை இழுத்து வந்ததும் நான்.

"காப்பி குடிக்கத்தான் வரேன்," என்றார். பச்சைப் பொய். எங்கள் கொட்டகைக் காப்பியை மாடுகூடக் குடிக்காது.

படத்தில் ஒரு மீனவன், அவன் மகன், ஒரு சண்டை. எங்கள் நாட்டு வழக்கப்படி மகனின் பிறந்தநாளுக்காக முற்றத்தில் ஏற்றிய தேசியக் கொடி, அவன் வீட்டை விட்டுப் போன பிறகும் பறக்கிறது. சூரியன் மறைகிறது. இருட்டிவிட்டது. கொடி அப்படியே இருக்கிறது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"கொடிய இறக்குங்கடா! பொழுது சாஞ்சப்புறம் எந்த மடையன் கொடிய விட்டு வைப்பான்? இந்தக் கரையில ஒருத்தனும் செய்யமாட்டான்!"

கொட்டகையே சிரித்தது. "உக்காருய்யா லௌஸ்ட், அது சினிமா!" என்று கத்தினாள் ரொட்டிக்கடை இங்கர்.

முன்வரிசையில் அஸ்கர் எழுந்தான்.

"நீங்க செஞ்சீங்கப்பா. நான் போன அன்னைக்கு. கடைசி பஸ் நம்ம வீட்டு வழியாத்தான் போச்சு. பஸ் வெளிச்சத்துல பார்த்தேன்."

சிரிப்பு நின்றது. நான் ஓடிப்போய் விளக்கைப் போட்டேன்.

"அது உன் பிறந்தநாள் கொடிடா," என்றார் அப்பா. "நீ வராம எப்படி இறக்குவேன்?"

அஸ்கர் நாற்காலிகளைத் தாண்டிக்கொண்டு வந்தான். அப்பா அவனைப் பிடித்த பிடியில் அவன் சட்டைப் பொத்தான் தெறித்தது. ஊரே எழுந்து கைதட்டியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதல் வேலையாகக் கொடியை ஏற்றினார். பொழுது சாய ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"இன்னைக்கு யாருக்குய்யா பிறந்தநாள்?" என்றாள் வேலிக்கு அப்பால் நின்ற இங்கர்.

"என் பையனுக்கு! பதினோரு தடவை விட்டுப்போச்சு!"

சூரியன் கடலைத் தொட்டதும் அஸ்கர் கயிற்றை அவிழ்த்தான். கொடி தரையில் படாமல் அப்பா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.