கூரையில் நின்று கேட்ட ஆட்டம்

எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஸ்டோக்கர்ஸின் அந்த வருடத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கில்தான் போய் நிற்கிறார்கள். அவன் எறிந்த பந்து, அவன் சிரித்த சிரிப்பு, அவன் கல்யாணம். எனக்கு அந்த வருடம் என்றால் மிலோ ஹுடாக்.

மிலோ சென்டர். தரையில் கிடக்கிற பந்தின் மேல் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பின்னால் நிற்கிற குவார்ட்டர்பேக்கிடம் அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு எதிரணியிலிருந்து எருமை மாதிரி ஒருவன் மேலே வந்து விழுவான். அந்த எருமையைத் தாங்க வேண்டும். எழுந்து, மறுபடி குனிய வேண்டும். பந்து பறக்கும்போது ஊரே அண்ணாந்து பார்க்கும். அந்த நேரத்தில் மிலோ மண்ணைத் தின்றுகொண்டிருப்பான்.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கும் கோடையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. மிலோ எங்கள் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்கு வருவான். உருகிய இரும்புச் சட்டியை இரண்டு பேராகக் கம்பில் சுமக்கிறபோது எதிர்முனையில் அவன் இருந்தால் எனக்குத் தோள் வலிக்காது. பாரத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்வான், சொல்லவும் மாட்டான்.

அந்த வருடம் முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. சொந்த ஊர்க்காரர்களே பாதி கடித்த சாஸேஜை மைதானத்துக்குள் வீசினார்கள். அக்டோபரில் மிலோவின் வலது கையில் விரல் உடைந்தது. அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குனிந்தான். ஒரு பந்துகூட நழுவவில்லை. அதற்கப்புறம்தான் அணி ஜெயிக்க ஆரம்பித்தது. நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியது பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில். அதில் மிலோவின் பெயரை எழுத்துக் கூட்ட எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. விரல் உடைந்த மறுநாள்கூட இல்லை.

அவனுடைய அண்ணன் எமிலும் ஃபவுண்டரிக்காரன்தான். வார்ப்பு மணல் நெஞ்சில் படிந்து, அந்த வருடம் வேலையை விட்டிருந்தான். மிலோ பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்திலிருந்து சொந்த ஊர் ஆட்டம் ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை. குளிரில் போய் உட்கார்ந்தால் திரும்பி வரமாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணி வெளியூரில் ஆடினால் டிவியில் பார்த்துக்கொள்வான். சொந்த ஊரில் ஆடினால்தான் வம்பு. டிவியில் காட்டினால் மைதானத்தில் சீட்டு விற்காமல் போய்விடுமாம், அதனால் எங்கள் ஊர் டிவி ஸ்டேஷனில் காட்ட மாட்டார்கள். எமில் சமையலறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு, வர்ணனை சொல்கிறவனைத் திட்டுவான்.

"இவன் பந்து எங்கேன்னுதான் சொல்றான். மிலோ எங்கேன்னு சொல்றானா?"

கடைசி ஆட்டம் சொந்த ஊரில். ஜெயித்தால் நாங்கள் டிவிஷன் சாம்பியன். இதோடு சரி, இனி ஆடமாட்டேன் என்று மிலோ வீட்டில் சொல்லிவிட்டான். எமில் என்னையும் ஓடெலையும் கூப்பிட்டான். ஓடெல் எங்களோடு உலையில் நின்றவன், பெரிய கார் வைத்திருந்தான்.

"என் தம்பி கடைசியாக் குனியறதை நான் பாக்கணும்," என்றான் எமில். "மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, டிவி இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனா உன் பொண்டாட்டி என்னைய உலையில போட்ருவா," என்றான் ஓடெல். "வண்டியில ஏறு."

எங்கள் ஊரில் அது வழக்கம்தான். சீட்டுக் கிடைக்காதவர்கள் ஞாயிறு காலையில் பியரையும் சாண்ட்விச்சையும் எடுத்துக்கொண்டு, ஊர் ஸ்டேஷனின் எல்லை தாண்டி, ஆட்டத்தைக் காட்டுகிற வேறு ஊர் ஸ்டேஷன் கிடைக்கிற ஏதாவது மோட்டலில் அறை எடுத்துப் பார்ப்பார்கள். நாங்கள் கிளம்பத் தாமதம். பனி வேறு. வழியில் எல்லா மோட்டலும் நிரம்பியிருந்தது. எமில் கம்பளிக்குள் இருந்து, அறை காலி என்று போட்டிருக்கிறதா என ஒவ்வொரு மோட்டல் பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கடைசியில் ஒரு மேட்டில் திருமதி ட்வெட் என்ற அம்மாளின் மோட்டலில் ஒரு அறை கிடைத்தது. எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம் என்று ஓடெலுக்குப் பெருமை.

டிவியைப் போட்டோம். பாவாடை கட்டிய பெண்கள் பனிக்கட்டியில் சறுக்கி நடனமாடினார்கள்.

"மிலோ இளைச்சுட்டான்டா," என்றான் ஓடெல்.

எமில் சிரிக்கவில்லை. அது எங்கள் ஊர் ஸ்டேஷன். ஆட்டத்துக்குப் பதிலாக அவர்கள் போடுகிற குப்பை. திருமதி ட்வெட்டை ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"நீங்கள்லாம் அந்த ஊர்லேர்ந்துதானே வர்றீங்க?" என்றார் அந்த அம்மாள். "உங்களுக்கு நல்லாத் தெரியட்டும்னு நேத்துத்தான் ஆன்டெனாவை உங்க ஊர்ப் பக்கமாத் திருப்பி வெச்சேன்."

அந்த அம்மாளை என்ன சொல்வது? தூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த நாங்கள், ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்கவே இல்லை. ஏணியைப் போட்டுக் கூரையில் ஏறினேன். உலைக் கையுறை காரில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆன்டெனாவை, ஆட்டத்தைக் காட்டுகிற ஸ்டேஷன் இருந்த, நதிக்கு அந்தப் பக்கத்து ஊரை நோக்கித் திருப்பினேன். கையை எடுத்ததும் காற்று அதைப் பழைய இடத்துக்கே தள்ளியது. இறுக்குகிற திருகு துருப்பிடித்துச் செத்திருந்தது.

"வெர்ன்! வந்துச்சு! போயிருச்சு!" கீழே ஜன்னலில் ஓடெல் கத்தினான். "புடிச்சுக்கய்யா!"

பிடித்தேன்.

"அப்படியே! மூச்சு விடாத!"

"எவ்வளவு நேரம்?"

"ஆட்டம் முடியற வரைக்கும்!"

ஆக, அந்த வருடத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில் நான் பார்த்தது பனியும் ஒரு காக்கையும்தான். கை மரத்தது. இரும்பு சுமக்கிறபோது எதிர்முனையில் மிலோ இருப்பானே, அப்படி நினைத்துக்கொண்டேன். இன்று பாரம் என் பக்கம், அவ்வளவுதான்.

ஓடெல் அவ்வப்போது தலையை நீட்டி ஆட்டம் சொன்னான். நாங்கள் பின்தங்கியிருந்தோம். அப்புறம் சமமானோம். அப்புறம் மறுபடி பின்தங்கினோம். கடைசி நிமிடங்களில் அவனும் உள்ளே போய்விட்டான். கீழே எமிலின் இருமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

திடீரென்று ஓடெல் அலறினான். திருமதி ட்வெட் அலறினார். ஏதோ உடைந்தது. யாரோ பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள், டச்டவுன் என்று தெரிந்தது. யாருடைய டச்டவுன்?

"டேய்! யாருடா போட்டது?"

 ஜன்னலில் கம்பளியோடு எமில் எட்டிப் பார்த்தான்.

"உள்ள போ! குளிர்!" என்று கத்தினேன். "ஜெயிச்சமா? யார் போட்டது?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?" என்றான் எமில். அவனுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் ஈரம். "மிலோ குனிஞ்சான். அந்த எருமையை அப்படியே தள்ளிக்கிட்டே போனான், வெர்ன். ரெண்டு பேரும் விழுந்தாங்க. எல்லாரும் எங்கயோ ஓடறாங்க. மிலோ எழுந்திரிச்சான். நின்னான். நான் பாத்துட்டேன்."

உள்ளிருந்து ஓடெல், ஜெயித்துவிட்டோம், இறங்கி வா என்று கத்தினான்.

"இறங்காத," என்றான் எமில். "அவன் இன்னும் மைதானத்துலதான் இருக்கான். வெளியே போற வரைக்கும் புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டு நின்றேன்.