இன்றைக்கு நான் ஃப்ரீ இல்லை

...நிறுத்தவில்லை, கையை நீட்டியும் நிறுத்தவில்லை, பெண்கள் நாலு பேர் நின்றால் மட்டும் இந்த ஓட்டுநர்களுக்குக் கண் தெரியாது, ஃப்ரீ பஸ் ஆயிற்றே, ஓசிக்கு எவன் பிரேக் போடுவான்... நல்லவேளை, அடுத்தது நின்றது, மணலூர்பேட்டை தாண்டியாயிற்று, பத்து மணிக்குத் திருக்கோவிலூரில் அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல், இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் இந்த ஜென்மத்தில் இல்லை. மடியில் சான்றிதழ் பை, கையில் ஃப்ரீ டிக்கெட், எனக்குப் பிடித்த ஒரே ஃப்ரீ இதுதான், வீட்டுக்காரரிடம் கை நீட்டாமல் இவ்வளவு தூரம் வந்தேனே... மற்றதெல்லாம்? நாத்தனாருக்குப் பிரசவமா, "அம்சா ஃப்ரீயாத்தான கீறா, அனுப்புங்க." பள்ளிக்கூடத்தில் கூட்டமா, என் பெண் தனுஷாவே சொல்கிறாள், "எங்கம்மா ஃப்ரீதான் மிஸ்." ஃப்ரீயாக இருக்கிறவளுக்கு முதுகு ஏன் இப்படி வலிக்கிறது? ஃப்ரீ பீரியட் என்றால் தனுஷா துள்ளுகிறாள், எனக்கு அப்படி ஒரு மணி நேரம் என்றைக்காவது வந்ததா?

இதோ, போன். அவர்தான். "அம்சா, எங்க கீற? கரும்பு வெட்டற ஆளுங்கள கூட்டியாந்துட்டேன், பதினெட்டு பேரு, சோறு ஆக்கணும்." ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு நேற்றுத்தான் வந்தது, முதல் நாள் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், அது மாமனார் காலத்து வழக்கம், எனக்குத் தெரியாதா... "இன்டர்வியூன்னு பத்து நாளா சொல்லிக்கினு இருக்கனேங்க." "அதுக்கு இன்னா, நாளைக்குப் போ, நீ ஃப்ரீதான?" நாளைக்கு அங்கே எனக்காக யார் உட்கார்ந்திருப்பார்கள்? "இன்னைக்கு நான் ஃப்ரீ இல்லைங்க," வைத்துவிட்டேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, பதினாறு வருஷத்தில் முதல் தடவை, சந்தோஷமாகக்கூட இருந்தது...

ஆனால் விடிவதற்குள் எழுந்து, வருகிற ஆட்கள் அத்தனை பேருக்கும் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் ஆக்கி, மோட்டார் கொட்டகையில் மூடி வைத்துவிட்டுத்தானே வந்தேன்... யார் கேட்டார்கள்? அவர் வாய் திறப்பதற்கு முன்பே என்னை யார் எழுப்பிவிட்டது? அதையாவது அவரிடம் சொன்னேனா, வீம்பு, சொன்னால் நாளைக்கும் அப்படித்தான் என்றாகிவிடும், சொல்லாவிட்டால் ஆட்கள் பட்டினி... திருக்கோவிலூர் கோபுரம் தெரிகிறது, போன் மறுபடி அடிக்கிறது, கேள்வி என்ன கேட்பார்களோ என்று நினைக்க வேண்டிய நேரத்தில், வெயில் ஏறுகிறதே, குழம்பு கெட்டுவிடுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.