அவர் உயரத்துக்கு

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங் மடியில் வந்து விழுவது அந்த வாரத்தில் மூன்றாவது முறை. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி, கிணத்துக்கடவில் இல்யாஸின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த கார். மாப்பிள்ளை பேரில் எழுதுவதுதான் எங்கள் பக்கத்து முறை என்பதால் ஆர்.சி. சுரேந்தர் பேரில் இருக்கிறது. அவர் ஆறடி. ஸ்டியரிங்கை மேலே ஏற்றி வைப்பார். நான் கீழே இறக்கினால்தான் எனக்கு ரோடு தெரியும்.

திங்கட்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு. எங்கள் தோட்டத்துப் பக்கம் அந்நேரத்துக்கு பஸ் கிடையாது.

இல்யாஸ் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள நாலு போல்ட்டு லூசாயிருச்சுங்க அம்மணி. எல்லாத்தையும் பிரிச்சு முறுக்கோணும். சாயங்காலமாயிரும்."

"ஆகட்டுங்க. பண்ணிருங்க."

"சாருகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாமுங்களா? வண்டி அவருதுங்களே."

என்ன ஒரு பணிவு! சுரேந்தருக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கித்தான் அது ஆடுது இல்யாஸ். என்ற உசரத்துக்கு நிறுத்தி வெல்டு அடிச்சுப்போடுங்க. சனியன் உட்டுது."

"அம்மணி ஓட்டுவாங்களே சார்?"

"லோகாவுக்கு என்னங்க, நான் இருக்கறனுல்ல."

இல்யாஸ் என்னைப் பார்த்தார். போன் துண்டிக்கப்படவில்லை. சுரேந்தரின் மூச்சு கேட்டது. வேண்டாம் என்று ஒரு சொல் போதும். எங்கள் வீட்டில் யாரும் என்னை அதட்டியதில்லை. ஒவ்வொன்றும் இப்படித்தான் முடிவாகியிருக்கிறது. காத்திருப்பார்கள், நான் பேசாமல் இருப்பேன், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

"அப்பச் சரிங்க" என்றார் இல்யாஸ்.

வெல்டிங் பத்து நிமிஷத்தில் முடிந்தது. உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு மேலே தென்னை உச்சிகள் மட்டும் தெரிந்தன. தலையணை போட்டு உட்காரலாம். ஆனால் அப்போது கிளட்ச் எட்டாது.

காரை எடுத்துப்போகச் சுரேந்தர் பட்டறைக்கு வந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஆட்டினார். "பாரு, அசையுதா?"

"திங்கக்கெழம ஏழு மணிக்கு நான் அங்க இருக்கோணும்."

"ஒம்பது மணிக்கு வாரேன்னு சொல்லிப்போடு கண்ணு. ஒத்துக்கிட்டா நானே கொண்டுபோயி உடறேன். இல்லாட்டி உடு, அந்த வேலையில என்ன இருக்குது?"

நான் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

"பெல்ட்டப் போட்டுக்க" என்றார், அன்பாக.