எமிலின் கையெழுத்து

தீவன மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு வெர்லின் தன் கடைக்குள் திரும்பியபோது, கவுண்டித் தேர்தல் அலுவலகத்து ஜாய்ஸ் கல்லாவருகே நின்றிருந்தாள். பள்ளியில் அவனோடு படித்தவள்தான், ஆனாலும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் வருகிறவர்கள் வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருவார்கள்.

“ஆர்லீன் புருஷன் எமில் உன் கண்ணு முன்னாடிதான் வரி மனுவுல கையெழுத்து போட்டாரா?”

“ஏன், போடக்கூடாதா?”

“முதியோர் இல்லத்துல படுத்தபடுக்கையா கெடக்காரு. பொண்டாட்டி பேரே ஞாபகமில்ல. உன் கடைக்கு மட்டும் வழி தெரிஞ்சுதாக்கும்?”

சொத்து வரிக்கு வரம்பு வைக்கலாமா என்று மக்களிடமே கேட்கும் கேள்வியை நவம்பர் தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்ற, குறித்த எண்ணிக்கையில் கையெழுத்து வேண்டும்; அதைத்தான் மாநிலமெங்கும் வாங்கினார்கள். எல்லோரும் தன் கண்ணெதிரே போட்டதாக வாங்கியவர் சத்தியம் செய்ய வேண்டும். வெர்லினும் செய்திருந்தான். ஆனால் தாள் கிடந்தது காபி கெண்டியருகே; அவன் நின்றது கிடங்கில். அந்த ஊரிலோ காசோலையானாலும் தேவாலயச் சந்தாவானாலும் புருஷன் பெயரையும் மனைவியே போட்டுவிடுவாள். சட்டைப் பொத்தான் தைப்பது போல அதுவும் பெண்கள் வேலை.

“அந்த ஒண்ண அடிச்சிட்டு மத்தத எடுத்துக்கோயேன்.”

“தக்காளிக் கூடையா, அழுகினத மட்டும் பொறுக்கிப்போட? உன் சத்தியம் பொய்யின்னா நீ வாங்கினது மொத்தமும் செல்லாது. அது போனா நம்ம கவுண்டிக் கணக்கு கொறையுது; நம்ம கவுண்டி சேர்ந்தாத்தான் மாநிலக் கணக்கே எட்டும். எட்டல, வெர்லின். நவம்பர்ல அந்தக் கேள்வியே வராது.”

மாலையில் ஆர்லீன் வீட்டுக்குப் போனான். ஏரிக்கரையில் பணக்காரர்கள் மாளிகை எழுப்பிய பிறகு, அவளுடைய பழைய மரவீட்டுக்கும் அந்த மதிப்பைப் போட்டு வரியை ஏற்றியிருந்தார்கள். இந்த வரம்பு வந்தால்தான் வீடு அவள் கையில் நிற்கும். சட்டத்தில் ஏதோ சிக்கல் என்று சொல்லிவிடலாமென்றுதான் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நடந்ததெல்லாம் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

“அப்ப நான்தான் கெடுத்தேனா?”

“இல்ல ஆர்லீன், நான் அங்க நின்னிருக்கணும்.”

“நீ நின்னிருந்தாலும் போட்டிருப்பேன்டா. அவருக்கு எல்லாத்துக்கும் நான்தானே போடறேன். நல்லா இருந்திருந்தா ரெண்டு தடவ போட்டிருப்பாரு அந்த மனுஷன்.”

பிறகு கொட்டகைக்குள் போய் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக வந்தாள்.

“இப்ப எதுக்கு இது?”

“பளிச்சுனு வச்சா வரிய ஏத்துவானுங்கன்னு இத்தன வருஷமா தொடல. இனி வித்துத்தானே ஆகணும், வாங்கறவன் கண்ணுக்கு அழகா இருக்க வேணாமா?”

வெயிலில் வெடித்துக் கிடந்த பலகையில் ஓர் இழுப்பு இழுத்தாள். பலகை அதை அப்படியே குடித்துவிட்டது. மறுபடி தோய்த்தாள்.