வால்வு மூடியின் மேல் ஒரு கார்

லிங்கராஜ் கார் வாங்கி ஐந்து மாதங்களாகியும், அது தெருமுனையைத் தாண்டியது நான்கே முறை. அவற்றுள் ஒன்று, அதற்குப் பூசை போடச் சென்றது. மற்ற நாள்களில் அது நின்றது. நிற்பதற்கே அதற்கு எவ்வளவோ தேவைப்பட்டது. காக்கை எச்சமிடுகிறது என்று வாசல் வேம்பை வெட்டினார்; வெட்டியபின் வெயில் சுடுகிறது என்று உறை வாங்கினார். பந்து படும் என்று பிள்ளைகளை விரட்டினார். பதினொரு நாளுக்கொரு முறை குடிநீர் வரும் அந்தக் கோவில்பட்டித் தெருவில், கார் நாள்தோறும் ஒரு குடம் நீரில் குளித்தது. அவர் மனைவி உமாதேவிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

கரிசலில் சக்கரம் புதையும் என்பதால், தெருவில் சிமெண்டு போட்ட ஒரே சதுரத்தில் அதை நிறுத்துவார். அந்தச் சதுரம் குடிநீர்க் குழாயின் வால்வு மூடி. தண்ணீர் வரும் நாளில் மட்டும் காரை நகர்த்திவிடுவார்.

அன்று தண்ணீர் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டது. லிங்கராஜோ, பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று திருநெல்வேலிக்குப் பேருந்தில் புறப்பட்டிருந்தார்.

வால்வு திறக்க வந்த செல்லத்துரை காரைச் சுற்றி வந்தான். “ஒரு மணி நேரந்தான் அக்கா. அப்புறம் அடுத்த தெருவுக்குத் திருப்பணும். விட்டா இன்னும் பதினொரு நாள்.”

தெருவின் மற்றப் பதினைந்து வீட்டுப் பெண்களும் காலிக் குடங்களோடு உமாதேவியைப் பார்த்தனர். அவள் வீட்டிலும் அரைக் குடந்தான் மிச்சம். கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“கயத்தாறு தாண்டிட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு.”

“காரை விட்டுட்டுச் சாவிய எதுக்குக் கொண்டு போனிய?”

“நீ எடுத்து ஓட்டிட்டா?”

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

“ஏட்டி உமா, ஒம்மாப்பிள்ளை வாரவரைக்கும் காருக்கு வச்சிருக்கிற தண்ணியத்தான் குடிக்கணுமா?” என்றாள் எதிர்வீட்டுச் சைத்தூன் பீவி.

உமாதேவி உள்ளே சென்று அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். காரின் உறையை விலக்கி ஒரே அடி. கதவுக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. கார் ஊரைக் கூட்டி அலறியது.

“கத்தட்டும். ஓடாததுக்கு வாய் மட்டும் இருக்கு,” என்றாள் சைத்தூன் பீவி.

கணவன் காலைதோறும் நின்ற காருக்குள் அமர்ந்து, ஓட்டுவதுபோல் கியர் மாற்றிப் பார்த்ததை வாசலில் நின்று கவனித்தவள் உமாதேவி. கையை உள்ளே விட்டுக் கியரைத் தளர்த்தினாள்; கைப்பிரேக்கை இறக்கினாள். பெண்கள் தள்ளினர். கார் சிமெண்டைவிட்டு இறங்கி, முந்திய நாள் மழையில் ஊறிய கரிசலில் வயிறுவரை அமர்ந்தது. செல்லத்துரை மூடியைத் தூக்கினான். பதினாறு குழாய்களிலும் தண்ணீர் வந்தது.

மாலையில் லிங்கராஜ் பேருந்துநிலையத்திலிருந்து நடந்து வந்தார். “கண்ணாடிய உடைச்சது யாரு?”

“நான்தான்.”

அவர் காரைப் பார்த்தார். வாசலில் நிறைந்திருந்த குடங்களைப் பார்த்தார். “சேறு காஞ்சா பெயிண்ட் போயிரும். ஒரு குடம் எடு, கழுவணும்.”

“நாளைக்கும் பஸ்லதானே போவிய? அது அங்கனயே கெடக்கட்டும்.”

அவர் வேறு வீட்டில் ஒரு குடம் கேட்கத் தெருப்பக்கம் திரும்பினார். பதினாறு வீடுகளிலும் குடங்களுக்கு மூடி விழும் ஓசை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.