கோபத்தின் இடது மூலை

எனக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே அப்படிச் சொல்கிறவள்தான். மூன்றாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஓவியம் சொல்லித் தருகிறேன். பக்கத்து அறையில் பாடம் நடத்தும் கணக்கு வாத்தியார் வாரம் தவறாமல் சுவரைத் தட்டி, கொஞ்சம் மெதுவாக என்பார். நான் சத்தம் போடுவதில்லை. சற்று அழுத்திப் பேசுவேன், அவ்வளவுதான்.

அந்தப் பீரியடின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். பிள்ளைகள் வகுத்தலில் தடுமாறுகிறார்களாம், இன்னும் ஒரு பீரியடு கிடைத்தால் தூக்கி நிறுத்திவிடுவாராம். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்த தலைமையாசிரியை கடைசியில் ஒரு முடிவு சொன்னார். பெற்றோர் தினத்தன்று மூன்றாம் வகுப்பின் ஓவியங்களைச் சுவரில் மாட்டவேண்டும். பெற்றோர் மெச்சினால் பீரியடு எனக்கு, இல்லாவிட்டால் கணக்குக்கு. அத்தோடு விடாமல், ரெண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு வீடு, இது போதுமே என்று எனக்கு யோசனை வேறு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ரெண்டு மலையை ஒழித்துக்கட்டத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். என் வகுப்பின் முதல் சட்டம் அதுதான். மலை கூடாது, வீடு கூடாது, பூ கூடாது, மனிதர்களும் கூடாது. மனசில் என்ன இருக்கிறதோ அதை வெறும் நிறமாகப் போடவேண்டும்.

முதல் நாள் சந்தோஷம் போடச் சொன்னேன். வகுப்பே திருதிருவென்று முழித்தது. சந்தோஷத்துக்கு மூக்கு இருக்குமா என்று ஒருத்தி எழுந்து கேட்டாள். அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் வக்கீலம்மா. வகுப்பில் யாருக்கு எது நடந்தாலும் எழுந்து நின்று வாதாடுவாள். மூக்கெல்லாம் வேண்டாம் என்று தெரிந்ததும், தாளைத் தாண்டி மேசையெல்லாம் ரோஜா நிறமாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

போகப் போகப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. பயத்தைப் போடச் சொன்ன அன்று, வாலு என்று எல்லோரும் கூப்பிடும் பையன் அவ்வளவு பெரிய தாளில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி வைத்தான். வைத்த கையோடு அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். ஏன்டா மூடுகிறாய் என்று கேட்டேன். பயம் சின்னதுதானாம், கையை எடுத்தால் பெரிசாகிவிடுமாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அழுகைதான் வந்தது.

படங்களுக்கு நான் மார்க் போடுவதில்லை, வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை. காய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். ஆகவே பெற்றோர் தினத்துக்கு முந்தைய வகுப்பில் எதைப் போடுகிறார்களோ அதுதான் சுவருக்கு. அன்றைக்கு முறைப்படி வரவேண்டியது கோபம். மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து சந்தோஷத்துக்குத் தாவுகிற ஆள் நான் இல்லை.

சிவப்பு எக்கச்சக்கமாகச் செலவாகும் என்று புதுப் புட்டிகளாக வாங்கி அடுக்கியிருந்தேன். ஒருவரும் தொடவில்லை. ஆளாளுக்கு மஞ்சளை எடுத்தார்கள், அதில் கொஞ்சம் பழுப்பைக் குழைத்தார்கள், தாள் முழுக்கப் பூசினார்கள். கடைசியில் கீழே இடது மூலையில் நீலமாக ஒரு திட்டு. காப்பியடிக்கிறார்களோ என்று ஆளுக்கொரு மூலையாகப் பிரித்து உட்கார வைத்தேன். அப்படியும் அதே மஞ்சள், அதே மூலை, அதே நீலம். கோபம் சிவப்புத்தானே என்று கேட்டதற்கு வக்கீலம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சிவப்பு புஸ்தகத்துல இருக்கற கோபம் டீச்சர். இதுதான் நெஜக் கோபம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வகுப்பு முழுக்க ஒரே உணர்ச்சியை ஒரே நிறத்தில் பார்க்கிறது என்றால் சும்மாவா? ஆசிரியர் அறையில் பிடிபட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கினேன். மஞ்சள் உள்ளே தகிக்கும் வெப்பம், பழுப்பு அடக்கி வைத்த ஆற்றாமை, நீலம் அடியில் தேங்கிய துயரம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கணக்கு வாத்தியார் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனார்.

இந்த இடத்தில் என் ஏப்ரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணியில் பெயின்ட் படாமல் இருக்க வகுப்பில் மேலே கட்டிக்கொள்வது. பள்ளி திறந்த புதிதில் வாலு நீலப் புட்டியைத் தட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் வகுத்தலே நின்றுபோனதாம். அப்புறம் பார்த்தால் பையன் முழங்கை வரை நீலமாக நின்றுகொண்டிருந்தான். குழாய் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. பிரஷ் கழுவும் தண்ணீரில் ஏப்ரனின் ஒரு மூலையை நனைத்து அவன் கையைத் துடைத்துவிட்டேன். பாழானது பாழாகிவிட்டது, இனிமேல் அந்த மூலை கை துடைக்கத்தான் என்று வைத்துக்கொண்டேன். அதிலிருந்து மணி அடிக்கும் நேரத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, அன்றைக்கு மிச்சமிருக்கிற திட்டையெல்லாம் திட்டியபடியே, ஒவ்வொரு கையாகத் துடைத்து அனுப்புவேன்.

என் வீட்டுக்காரர் லாண்டரிக் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் போகாத கறை கிடையாது, இந்த நீலத்தைத் தவிர. வாராவாரம் ஊறப்போடுவார், தேய்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். பெற்றோர் தினத்துக்காக அந்த ஏப்ரனை மொடமொடவென்று இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஓவியக்காரி ஓவியக்காரியாகத் தெரிய வேண்டாமா என்று அதையே கட்டிக்கொண்டு போனேன்.

கூடம் நிரம்பியிருந்தது. பின்சுவர் முழுக்கக் கோபம். பிள்ளைகள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாலு மட்டும் ஒரு படத்தின் பெயர்ந்த மூலையைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தான். நான் சுவருக்கு முன்னால் நின்று, தகிக்கும் வெப்பத்தையும் தேங்கிய துயரத்தையும் எடுத்துவிட ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பக்கத்தில் ஓர் அப்பாவின் தோள் குலுங்கியது. பிள்ளைகளின் துயரத்தைக் கேட்டால் பெற்றவர்களுக்கு மனசு தாங்காதுதானே என்று நினைத்துக் குரலை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

அப்போது கணக்கு வாத்தியார் எழுந்தார்.

“டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது. இல்ல இல்ல, வேண்டாம், அங்கயே நில்லுங்க. எது படம், எது நீங்கன்னே தெரியல.”

கூடம் கொல்லென்று சிரித்தது. நான் சுவரைப் பார்த்தேன். குனிந்து என்னைப் பார்த்தேன். பழுப்பு கலந்த மஞ்சள். கீழே வலது மூலையில் நீலம். எனக்கு வலது என்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இடது. கட்டியிருக்கிற துணியைத் தவிர உலகத்தில் எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவள் நான்.

அத்தனை பேர் முன்னால் மானம் கப்பலேறியது. கணக்கு வாத்தியார் வேறு சிரித்துத் தொலைக்கிறார். சட்டென்று பிள்ளைகள் பக்கம் திரும்பி, “யாரு சொல்லிக் குடுத்தா இத?” என்று கத்தியேவிட்டேன். இது அழுத்திப் பேசுவதில் சேராது, ஒப்புக்கொள்கிறேன்.

சிரிப்பு நின்றது. தலைமையாசிரியையின் முகம் இறுகிவிட்டது. போச்சு, இனி பீரியடு இல்லை, வேலையே இருக்குமோ இருக்காதோ என்று நினைத்துக்கொண்டேன். அவர் பிள்ளைகள் முன்னால் வந்து குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்கெல்லாம் டீச்சர்கிட்ட பயமா?”

வக்கீலம்மா எழுந்தாள். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவளையே பார்த்தேன்.

“பயம்னா வாலு போட்ட மாதிரி கறுப்பா இருக்கும் மேடம். இது கோபம். டீச்சர் கோபத்த மட்டுந்தான் நாங்க பக்கத்துல போய்ப் பாத்திருக்கோம். வீட்லல்லாம் கோபம் வந்தா எங்கள வெளிய போகச் சொல்லிடுவாங்க.”

முன்வரிசை அப்பாவின் தோள் இப்போது குலுங்கவில்லை.

“அப்ப அந்த நீலம்?” என்றார் தலைமையாசிரியை.

“அங்கதான் கை துடைச்சு விடுவாங்க. கோபம் அங்க வந்து முடிஞ்சிடும். முடியற எடத்தப் போடலைன்னா படம் முழுசா ஆகாது.”

அந்த நேரம் பார்த்து வாலு ஒட்டுகிற வேலையை முடித்தான். கையெல்லாம் பசை. கூடத்தில் என்ன நடக்கிறது என்றே கவனிக்காதவனாக நேரே என்னிடம் வந்தான். ஏப்ரனின் நீல மூலையைத் தானே எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, போய் உட்கார்ந்தான். எனக்கு அங்கேயே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னல் தூரத்தில் இருந்ததால் திரும்பிக்கொள்ளவும் வழியில்லை.

வழக்கமாகப் பெற்றோர் தங்கள் பிள்ளை படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு யாரும் நகரவில்லை. ஓர் அப்பா மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அப்பா கோபத்தைப் போட்டால் என்ன நிறம், அது எங்கே முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் அவ்வளவு சுகமாக இல்லை போலிருக்கிறது. ஆனாலும் எழுந்து போகாமல் கேட்டார்.

பீரியடு உங்களுக்கே என்றார் தலைமையாசிரியை. கொஞ்சம் மெதுவாகப் பேசப் பழகுங்கள் என்றும் சொன்னார். எல்லோரும் போனபின் கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து, பிள்ளைகள் தன்னை என்ன நிறத்தில் போடுவார்கள் என்று கேட்டார். தெரியாது, வெள்ளிக்கிழமை வந்து உட்காருங்கள், பிரஷ் தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் வாளியில் நுரை பொங்க எனக்காகக் காத்திருந்தார். புதிதாக ஏதோ பவுடர் வந்திருக்கிறதாம், இன்றைக்கு அந்த நீலத்தை ஒரு கை பார்க்காமல் விடப்போவதில்லையாம். ஏப்ரனை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன்.

“மஞ்சள என்ன வேணா பண்ணுங்க. நீலத்துல மட்டும் கை வைக்காதீங்க.”

தொழில்காரன் மானம் என்னாவது, இத்தனை மாசம் மாங்கு மாங்கென்று தேய்த்தது எதற்கு என்று அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் கோபப்படவில்லை. சற்று அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். முழங்கை வரை சோப்பு நுரை. நான் கிட்டே போய், அந்த நீல மூலையை எடுத்து, அவர் கையைத் துடைத்துவிட்டேன்.