சவரக் கண்ணாடியில் ஒரு வாலாட்டி

சாள்ஸ் முகம் வழிக்கிற கண்ணாடி வாசல் இஸ்தோப்புத் தூணில் தொங்கியபடியே இருந்தது. தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கிற காம்பராக்களுக்குள் எப்போதும் இருட்டு. அதனால் இங்கே ஆம்பிளைகள் எல்லாரும் வாசலில் நின்றுதான் வழிப்பார்கள். என் புருஷன் சாள்ஸ் போன மே மாதம் செத்துப்போனார். அவர் மாட்டிய கண்ணாடியைத் தொட நான் யாரையும் விடவில்லை. மகள் ரோஷானி கொழும்பிலிருந்து வந்தபோது தூசி துடைக்கப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை, வாசலில் டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு குருவி. முதுகு சாம்பல், வயிற்றுப் பக்கம் மஞ்சள், உடம்புக்குப் பொருந்தாத நீள வால். அந்த வால் ஒரு நிமிஷம் சும்மா இல்லை, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணாடிச் சட்டத்தில் உட்கார்ந்து உள்ளே பார்த்துப் பார்த்துக் கொத்தியது.

அடுத்த காம்பரா தெரேசம்மா அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இது ஆத்துமாக்களின் மாதம், நேற்றுத்தான் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம், இன்றைக்கு வேறு வாசலுக்குப் போகாமல் அவர் கண்ணாடிக்கே வந்திருக்கிறது, இன்னும் என்ன அடையாளம் வேண்டும் என்று கேட்டாள். உனக்கு வேறு வேலை இல்லையா என்று ஏசி அனுப்பினேன். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு தினமும் வந்தது. நானும் பேச ஆரம்பித்தேன். பேச்சு என்ன பேச்சு, பாதி ஏச்சுதான். சொல்லாமல் கொள்ளாமல் போன மனுஷனுக்கு இப்போது முகம் வழிக்க என்ன அவசரம் என்று கேட்டேன். சோறு வைத்தேன், திரும்பியும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் என் சமையலில் குறை கண்டுபிடித்தவர்தானே, அதுவும் சரியாகப் பொருந்திவிட்டது. ரோஷானி ஃபோன் எடுத்து, தனியாகக் கிடக்காமல் கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்துவிடும்படி வழக்கம்போலக் கெஞ்சினாள். அப்பா இங்கே வருகிறார், அவரை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றேன்.

பேக்கரிப் பாண் விற்கிற பவாஸ் ஓப்பநாயக்க டவுனிலிருந்து த்ரீவீலில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவான். ஒரு நாள் வாசலில் அவனிடம் மீன் வைத்த மாலுபாண் வாங்கிக்கொண்டு நின்றேன். குருவி சாள்ஸின் கண்ணாடியை விட்டுப் பறந்துபோய், த்ரீவீலின் பக்கக் கண்ணாடியில் உட்கார்ந்து அதையும் அதே கொத்து கொத்தியது. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. ஊரான் வண்டியில் போயா வழிக்கிறீங்க என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பவாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை ஏசி மனசை ஆற்றியிருப்பேன்.

"அக்கா, இது வாலாட்டி," என்றான். "தண்ணி ஓடுற ஒவ்வொரு வளைவிலயும் ஒண்டு ஈக்கிது. எண்ட கண்ணாடியக் கொத்தாத ஒண்டு இல்ல."

வண்டிக்குள்ளிருந்து பழைய சொக்ஸ் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு மாட்டினான். இதற்காகவே வைத்திருக்கிறானாம். அவன் மகள் ஷிப்னா பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாளாம்: வடக்கே குளிர் நாடுகளிலிருந்து ஒக்டோபர் போல வரும், ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விடும். இங்கே இருக்கிற வரைக்கும் ஒவ்வொன்றும் ஒரு துண்டு ஓடையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, பகல் முழுக்கத் தனியாகப் பூச்சி பொறுக்கும். இன்னொன்று வந்தால் விரட்டும். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அதற்குத் தெரியாது, இடம் பிடிக்க வந்த எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. இந்தச் சண்டையில் அது ஒழுங்காகத் தின்னவும் மாட்டாது, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று முழுக்க வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். நெஞ்சுச் சிறகு கலைந்து, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, அப்படியும் கொத்தியது. நான் இருக்கிறேன் என்பதே அதன் கணக்கில் இல்லை. சாள்ஸ் இரண்டாம் தரம் செத்துப்போனார். முதல் தரம் அழுவதற்கு லயமே கூடி நின்றது. இந்தத் தரம் நான் மட்டும்தான்.

பொழுது சாய்கிற நேரம் கண்ணாடியைக் கழற்றினேன். ஓரத்தில் சவர்க்கார நுரை ஒரு பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க மனம் வரவில்லை. கண்ணாடியைச் சேலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

மறுநாள் குருவி வந்து வெறும் ஆணியைச் சுற்றிப் பறந்தது. பிறகு தண்ணீர் ஓடுகிற வடிகால் கானுக்குள் இறங்கிவிட்டது. வாலை ஆட்டி ஆட்டி நடந்து, ஈரத்தில் பூச்சி பொறுக்கி, நிம்மதியாகத் தின்றது. என் பக்கம் ஒரு தரமும் திரும்பவில்லை. நல்லாத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ரோஷானி ஃபோன் எடுத்தாள். அப்பா இன்றைக்கும் வந்தாரா என்று பயந்து பயந்து கேட்டாள். அது அப்பா இல்லை, வாலாட்டி என்றேன். பவாஸ் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவ்வளவு தூரம் பறந்து வந்து தனியாகவா இருக்கும் என்று கேட்டாள்.

"அதுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும்," என்றேன். "எனக்குப் புடிக்கல, புள்ள. வந்து என்னயக் கூட்டிக்கிட்டுப் போ."